செம்பருத்தியா, ரோசெல்லா? ஹைபிஸ்கஸில் எது எதற்கு

"ஹைபிஸ்கஸ் டீ ரத்த அழுத்தத்தைக் குறைக்கும்" என்று படித்துவிட்டு, தொட்டியில் பூத்த செம்பருத்தியைப் பறித்துக் கொதிக்க வைப்பவர்கள் நிறையப் பேர். அப்படிச் சொல்லும் ஆய்வுகள் நடந்தது வேறு செடியில். ஹைபிஸ்கஸ் ஒரு பேரினம், அதில் நூற்றுக்கணக்கான இனங்கள் உண்டு. ஒன்றில் நிரூபிக்கப்பட்டதை இன்னொன்றின் தலையில் ஏற்றிவிட முடியாது.

தேநீர் பாக்கெட்டில் வருவது ரோசெல், அதாவது ஹைபிஸ்கஸ் சப்டரிஃபா. அதிலும் பூவிதழ் கிடையாது. பூ உதிர்ந்த பிறகு காயைச் சுற்றிச் சதைப்பற்றோடு தடித்து நிற்கும் சிவப்புப் புல்லிவட்டத்தைத்தான் காயவைத்து விற்கிறார்கள். நம் செம்பருத்தி ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ், அதில் பயன்படுத்துவது இதழையும் இலையையும். வித்தியாசம் வாயில் வைத்ததுமே தெரிந்துவிடும். ரோசெல் நன்றாகப் புளிக்கும், காரணம் அதிலுள்ள ஹைபிஸ்கஸ் அமிலம், சிட்ரிக் அமிலம் போன்றவை. செம்பருத்தி சாற்றில் புளிப்பே இருக்காது, கொஞ்சம் வழவழப்பாக இருக்கும், நிறமும் ஊதா பக்கம் சாயும். எலுமிச்சை பிழிந்தால்தான் சிவக்கும். இரண்டிலும் ஆந்தோசயனின் நிறமிகள் இருந்தாலும் ஒரே வகை இல்லை. ரோசெல்லில் டெல்ஃபினிடின், சயனிடின் என்ற இரண்டு நிறமிகள் முக்கியமானவை, செம்பருத்தியில் சயனிடின்தான், அதுவும் வேறு சர்க்கரையோடு சேர்ந்த வடிவில்.

சரி, ரத்த அழுத்தம். இங்கே ரோசெல் பக்கம்தான் ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், லேசான உயர் ரத்த அழுத்தம் அல்லது அதற்கு முந்தைய நிலையில் இருந்த 65 பேர் கலந்துகொண்டார்கள். 6 வாரம் தினமும் 240 மில்லியாக 3 முறை ரோசெல் தேநீர் குடித்தவர்களுக்கு ரத்த அழுத்தத்தின் மேல் அளவு சராசரியாக 7.2 புள்ளி குறைந்தது, போலிப் பானம் குடித்தவர்களுக்கு 1.3தான். மெக்சிகோவில் 2004இல் கேப்டோப்ரில் என்ற ரத்த அழுத்த மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது 4 வாரத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் 2007இல் லிசினோப்ரில் என்ற இன்னொரு அழுத்த மாத்திரையோடு ஒப்பிட்டபோது மாத்திரைதான் ஜெயித்தது. இந்த மூன்றாவது ஆய்வை யாரும் பகிர்வதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம், ஏனென்றால் முதல் இரண்டை மட்டும் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ரோசெல் எப்படி வேலை செய்கிறது என்றால், ரத்தக் குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் உருவாகத் தேவைப்படும் ஏசிஇ நொதியை இந்த ஆந்தோசயனின்கள் ஓரளவு தடுக்கின்றன, கொஞ்சம் சிறுநீரும் கூடுதலாகப் பிரியும். கேப்டோப்ரில், லிசினோப்ரில் எல்லாம் அதே நொதியைத்தான் தடுக்கின்றன. அதனால் ஏற்கெனவே அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் மருத்துவரிடம் சொல்லாமல் தினமும் இதைக் குடித்தால் அழுத்தம் தேவைக்கு மேல் இறங்கும் வாய்ப்பு உண்டு. மலேரியாவுக்குக் கொடுக்கும் குளோரோகுவின் உடலில் சேர்வதையும் ரோசெல் பானம் குறைக்கிறது. புளிப்பு அதிகம் என்பதால் பல் எனாமலுக்கும் நல்லதல்ல, குடித்ததும் வாயைக் கொப்பளித்துவிடுங்கள்.

அப்புறம் செம்பருத்தி. இதில் குவெர்செடின் போன்ற ஃபிளேவனாய்டுகள் (ஒரு வகைத் தாவர வேதிப்பொருள்கள்) உண்டு, இலையில் வழவழப்பான பசைப்பொருள் நிறைய. முடிக்கு இலையை அரைத்துத் தேய்த்தால் மிருதுவாக இருப்பது அந்தப் பசையால்தான், அது கண்கூடு. முடி வளருமா என்றால், 2003இல் வெளியான எலி ஆய்வில் இலைச்சாறு, பூச்சாறு இரண்டையும் சோதித்ததில் இலை நன்றாக வேலை செய்தது. நாம் பூவைத்தான் தேடி ஓடுகிறோம்! இருந்தாலும் எலியின் தோலில் நடந்ததை மனிதத் தலைக்கு உறுதியாகச் சொல்ல முடியாது. இன்னொரு விஷயம் முக்கியம்: பூச்சாறு கரு பதிவதைத் தடுப்பதாக எலிகளில் பார்த்திருக்கிறார்கள். கருவுற்றவர்களும் அதற்கு முயல்கிறவர்களும் இதை உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம். ரோசெல்லும் கர்ப்ப காலத்தில் தவிர்க்க வேண்டியதுதான்.

இதே பேரினத்தில் ஹைபிஸ்கஸ் சிரியாக்கஸ் என்ற இன்னொரு இனமும் உண்டு. சீன மருத்துவத்தில் அதன் பட்டையைப் படர்தாமரைக்கு வெளிப்பூச்சாகப் பயன்படுத்துகிறார்கள், தேநீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

என் தேர்வு: தலைக்குச் செம்பருத்தி இலை, குடிக்க ரோசெல். வாங்கும்போது பாக்கெட்டில் வெறும் "ஹைபிஸ்கஸ் பூ" என்று மட்டும் இருந்தால் நம்பி எடுக்காதீர்கள், சப்டரிஃபா என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.