எஸ்எஸ்எல் சான்றிதழ்: இலவசமே போதுமா, காசு கொடுக்க வேண்டுமா?

மார்த்தாண்டத்துத் தேன் கடையோ, வடசேரியில் கோயில் நகை செய்யும் பட்டறையோ, கன்னியாகுமரி லாட்ஜோ, வெப்சைட் வைத்திருந்தால் ஹோஸ்டிங் பில்லில் 'எஸ்எஸ்எல்' என்று தனியாக ஒரு தொகை வருவதைப் பார்த்திருப்பீர்கள். வெப்சைட்டுக்கும் அதைப் பார்ப்பவருக்கும் இடையே தகவல் மறையாக்கப்பட்டுப் போக, அதாவது முகவரியில் https வர, தேவைப்படும் சான்றிதழ் அது. பெரும்பாலானவர்கள் அதைக் கட்ட வேண்டியதே இல்லை. லெட்ஸ் என்கிரிப்ட் (Let's Encrypt) என்ற அமைப்பு தரும் இலவசச் சான்றிதழ் போதும். ஒரே நிபந்தனை, அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படி அமைந்திருக்க வேண்டும்.

காசு கொடுத்தால் பாதுகாப்பு கூடும் என்று சொல்லி விற்கிறார்கள். அது உண்மையில்லை. தகவலை மறையாக்கும் வலிமையைத் தீர்மானிப்பது சர்வரில் டிஎல்எஸ் (எஸ்எஸ்எல்லின் இன்றைய வடிவம்) அமைந்திருக்கும் விதம். சான்றிதழின் விலைக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. விலை கூடினால் மாறுவது சரிபார்க்கும் முறைதான். டிவி (DV, டொமைன் சரிபார்ப்பு) வகையில் டொமைன், அதாவது வெப்சைட்டின் பெயர், உங்கள் கையில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். ஓவி (OV, நிறுவனச் சரிபார்ப்பு), ஈவி (EV, விரிவான சரிபார்ப்பு) வகைகளில் நிறுவனத்தின் பதிவு ஆவணங்களையும் பார்ப்பார்கள். முன்பு ஈவி வாங்கினால் முகவரிப் பட்டையில் நிறுவனத்தின் பெயர் தெரியும். 2019இல் குரோமும் பயர்பாக்ஸும் அதை எடுத்துவிட்டன. அறை புக் செய்ய வருபவர் கண்ணுக்கு இப்போது எல்லாம் ஒன்றுதான்.

லெட்ஸ் என்கிரிப்ட் 2015 கடைசியில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. நடத்துவது லாப நோக்கில்லாத அமைப்பு. வழக்கமான சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள். சொந்த சர்வரில் சான்றிதழை வாங்கி நிறுவும் சர்ட்பாட் (Certbot) மென்பொருளைப் போட்டால், காலாவதிக்கு 30 நாள் இருக்கும்போது அதுவே புதுப்பிக்கும். சிக்கல் வருவதெல்லாம் இந்தப் புதுப்பித்தலில்தான். 'எல்லாம் https ஆகிவிட்டதே' என்று யாராவது http வரும் வழியான 80ஆம் போர்ட்டை மூடியிருப்பார்கள். டொமைன் உங்களுடையதா என்ற வழக்கமான சரிபார்ப்பு அந்த வழியாகத்தான் வரும், வந்து திரும்பிப் போய்விடும். டொமைன் எந்தச் சர்வரில் இருக்கிறது என்று சொல்லும் டிஎன்எஸ்ஸில், பழைய சர்வரைக் காட்டும் ஏஏஏஏ (AAAA, ஐபிவி6 முகவரி) ரெக்கார்டு கிடந்தாலும் தோற்கும். இந்திய ஐபிகளை மட்டும் அனுமதிக்கும் ஃபயர்வாலும் ஆகாது, ஏனென்றால் சரிபார்ப்பு உலகின் பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் நடக்கிறது. இன்னொன்று அடிக்கடி நடப்பது: சான்றிதழ் புதிதாக வந்து ஃபைலில் உட்கார்ந்திருக்கும், என்ஜின்எக்ஸ் (nginx) என்ற வெப் சர்வர் மென்பொருளை யாரும் ரீலோடு செய்திருக்க மாட்டார்கள், வருபவர்களுக்குப் பழையதே போய்க்கொண்டிருக்கும். சர்ட்பாட்டின் டிப்ளாய் ஹூக்கில் (புதுச் சான்றிதழ் வந்ததும் தானாக ஓடும் பகுதி) ரீலோடு கட்டளையை ஒருமுறை எழுதிவிட்டால் தீர்ந்தது. அமைத்து முடித்ததும் 'டிரை ரன்' (ஒத்திகைப் புதுப்பித்தல்) ஓட்டிப் பார்க்காமல் எழுந்திருக்காதீர்கள்.

பல சப்டொமைன்களுக்கு ஒன்றாகவே உதவும் வைல்டுகார்டு சான்றிதழும் இலவசம்தான். ஆனால் அதற்கு டிஎன்எஸ்ஸில் டிஎக்ஸ்டி (TXT) என்ற எழுத்து ரெக்கார்டு போட வேண்டும். மென்பொருளே மாற்றிக்கொள்ளும் வழி (ஏபிஐ) இல்லாத டிஎன்எஸ் என்றால் ஒவ்வொரு முறையும் கையால் போடும் வேலை. வைல்டுகார்டு முதன்மை டொமைனை உள்ளடக்காது, இரண்டு பெயரையும் சேர்த்தே கேளுங்கள்.

ஓராண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்பதுதான் இதுவரை கட்டணச் சான்றிதழின் பெரிய வசதி. அது போகிறது. சான்றிதழ் நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் 2025இல் எடுத்த முடிவின்படி, 2026 மார்ச் 15 முதல் வழங்கப்படும் எந்தச் சான்றிதழுக்கும் அதிகபட்ச ஆயுள் 200 நாள். 2027 மார்ச்சில் அது 100, 2029 மார்ச்சில் 47. 'மூன்று வருட எஸ்எஸ்எல்' என்று யாராவது விற்றால், மூன்று வருடப் பணத்தை முன்கூட்டி வாங்கிக்கொண்டு இடையிடையே மறுபடி நிறுவச் சொல்வார்கள் என்றே பொருள். கையால் நிறுவும்போது உங்கள் சான்றிதழைச் சான்றிதழ் நிறுவனத்தோடு இணைக்கும் இன்டர்மீடியட் சான்றிதழை விட்டுவிடுவது வழக்கமான தவறு: கம்ப்யூட்டரில் சைட் திறக்கும், சில ஆண்ட்ராய்டு போன்களில் எச்சரிக்கை வரும். கட்டணச் சான்றிதழோடு வரும் வாரண்டியை நம்பி வாங்காதீர்கள். சான்றிதழ் நிறுவனம் தவறான ஆளுக்குச் சான்றிதழ் கொடுத்து, அதனால் நஷ்டம் வந்தால்தான் அது பேசும். உங்கள் வேர்ட்பிரஸ் ஹேக் ஆனால் அதற்கும் வாரண்டிக்கும் சம்பந்தமில்லை.

அப்படியானால் யார் பணம் கட்டலாம்? டெண்டரிலோ தணிக்கையிலோ ஓவி வேண்டும் என்று எழுத்தில் கேட்கப்பட்ட மருத்துவமனை, கல்லூரி, கூட்டுறவு நிறுவனம். தானியங்கிப் புதுப்பித்தலை ஏற்காத பழைய கருவி வைத்திருப்பவர்கள். சிக்கல் வந்தால் போனில் பேச ஆள் வேண்டும் என்பவர்களும் வாங்கலாம், தவறில்லை. ஆன்லைனில் பணம் வாங்குவதற்காக மட்டும் ஓவிக்குப் போகத் தேவையில்லை, டிவியே போதும்.

நாகர்கோவிலிலோ தக்கலையிலோ ஹோஸ்டிங் எடுத்துத் தருபவரிடம் பணம் கட்டும் முன்பே கேளுங்கள்: சிபேனலில் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கம்) இலவசச் சான்றிதழைத் தானே போடும் ஆட்டோ எஸ்எஸ்எல் இயங்குகிறதா, இலவசச் சான்றிதழைத் தடுத்து வைத்திருக்கிறார்களா? தடுத்திருந்தால் வேறு ஹோஸ்டிங் பாருங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் காலாவதி நினைவூட்டல் மெயில் அனுப்புவதை 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. அதனால் காலாவதித் தேதியைக் கண்காணிக்கும் சேவை ஒன்றில் உங்கள் டொமைனைச் சேர்த்து, 20 நாளுக்கு முன்பே எச்சரிக்கை வரும்படி வையுங்கள். லாட்ஜ் நடத்துபவர்கள் ஐயப்ப சீசன் தொடங்கும் முன், கார்த்திகை பிறப்பதற்குள், அந்தத் தேதியை ஒருமுறை கண்ணாலும் பார்த்துவிட வேண்டும்.