தடுப்பணையா, பண்ணைக்குட்டையா, கண்மாயா? 500 ஹெக்டேருக்கு ஒரு கணக்கு

வைப்பாற்றுப் படுகையில் வானம் பார்த்த ஊர் ஒன்றுக்கு நீர்வடிப்பகுதித் திட்டம் (மழைநீரை ஓடவிடாமல் அங்கங்கே பிடித்து வைக்கும் திட்டம்) வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 500 ஹெக்டேர். பிரதமர் வேளாண் பாசனத் திட்டத்தில் சமவெளிக்கு ஹெக்டேருக்கு 22,000 ரூபாய் என்றால் மொத்தம் 1 கோடியே 10 லட்சம். பயிற்சி, வாழ்வாதாரம், நிர்வாகம் போக மண் வேலைக்கும் கட்டுமானத்துக்கும் மிஞ்சுவது ஏறத்தாழப் பாதி. கிராம சபையில் முதலில் எழும் கோரிக்கை தடுப்பணைதான். கண்ணுக்குத் தெரியும், கல்வெட்டு வைக்கலாம்.

எந்த வேலையானாலும் இரண்டு ஆண்டுகளை வைத்து உரசிப் பார்க்க வேண்டும். 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை அறுபது விழுக்காட்டுக்கு மேல் பொய்த்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது. சராசரி மழையை வைத்துத் திட்டம் போட்டால் இந்த இரண்டுக்குமே அது உதவாது.

தடுப்பணை: எத்தனை முறை நிரம்பும்?

ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மழை என்பது 10 கனமீட்டர். 100 மி.மீ. பெய்தால் 500 ஹெக்டேரில் 5 லட்சம் கனமீட்டர். அதில் 30 விழுக்காடு ஓடிவந்தால் ஒன்றரை லட்சம். ஓடையில் கட்டும் சிறிய தடுப்பணை 3,000 கனமீட்டர் பிடிக்கும் என்று வையுங்கள். பத்து கட்டினாலும் 30,000தான், ஐந்தில் ஒரு பங்கு. தடுப்பணையின் பலனே ஒரு பருவத்தில் அது எத்தனை முறை நிரம்பி வற்றுகிறது என்பதில்தான் இருக்கிறது. எட்டு மழையாகப் பிரிந்து வந்தால் எட்டு முறை நிரம்பும். அதே மழை மூன்றே மழையாகக் கொட்டித் தீர்ந்தால் மூன்று முறைதான். மிச்சமெல்லாம் மேலே வழிந்து போய்விடும். மழைநாள் குறைந்து வேகம் கூடும் காலத்தில் முதலில் அடிபடுவது இந்தக் கணக்கு.

அடுத்தது நீர்வழிப் பகுதியின், அதாவது அணைமேல் தண்ணீர் வழிந்து போகும் இடத்தின் நீளம். மேலே 100 ஹெக்டேர் பிடிப்பு, மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் மழை, ஓட்டக் கெழு (மழையில் ஓடிவரும் பங்கு) 0.3 என்றால் நொடிக்கு 8.3 கனமீட்டர் வரும். 75 செ.மீ. உயரத்தில் அது வழிய ஏழரை மீட்டர் நீளம் போதும். மழை வேகம் 125 ஆனால் ஒன்பதரை மீட்டர் வேண்டும். அதற்கு முந்தின நாளே மண் ஊறிக்கிடந்தால் கெழு 0.5-க்கு ஏறும். அப்போது 17 கனமீட்டருக்கு மேல் வரும், நீளம் 16 மீட்டரை நெருங்கும், அதாவது இரண்டு மடங்குக்கும் அதிகம். பழைய மாதிரி வரைபடத்தை அப்படியே நகலெடுக்கும் இடத்தில்தான் அணை போகிறது. பெரும்பாலும் சுவர் உடைவதில்லை. தண்ணீர் சிறகுச் சுவரை, அதாவது அணையின் இரு பக்கமும் கரைக்குள் நீளும் சுவரைச் சுற்றிக் கரையை அறுத்துக்கொண்டு போய்விடும், அணை மட்டும் ஓடைக்கு நடுவே தனியாக நிற்கும். சிறகுச் சுவர் கெட்டிக் கரைக்குள் ஒரு மீட்டருக்குக் குறையாமல் ஏற வேண்டும். கீழ்ப்பக்கம் கல்பதிப்பும் அதன் முனையில் மண்ணுக்குள் இறங்கும் அடித்தடுப்புச் சுவரும் இல்லையென்றால் அஸ்திவாரத்தின் அடிமண் அரிக்கும். ஓடை வளைவில் கட்டவே கூடாது.

நிலத்தடி நீர் ஏறும் என்ற வாதத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. இது கடினப்பாறைப் பகுதி. சிதைந்த பாறை தண்ணீர் விட்டுக்கொடுக்கும் அளவு நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரைதான். நீர்மட்டம் 5 மீட்டர் ஏறினாலும், இரண்டு விழுக்காடு என்று கணக்கிட்டால் ஹெக்டேருக்குக் கிடைப்பது 1,000 கனமீட்டர். பாறை நிரம்பிய பிறகு எத்தனை அணை கட்டினாலும் உள்ளே போக இடமில்லை.

பண்ணைக்குட்டை

மண்ணைப் பார்த்துத்தான் பேச வேண்டும். கரிசலில் வெட்டினால் தண்ணீர் நிற்கும், செம்மண்ணில் நிற்காது. செம்மண்ணில் வெட்டுவதைக் கசிவுக்குட்டை என்றே கணக்கெழுதுங்கள், பாசனத்துக்கு நம்பாதீர்கள். மேல்வாய் 30 மீட்டருக்கு 30, ஆழம் 3, சரிவு ஒன்றுக்கு ஒன்றரை என்றால் கொள்ளளவு 1,970 கனமீட்டர். நாளுக்கு 5 மி.மீ. ஆவியானால் நூறு நாளில் அரை மீட்டர், ஏறத்தாழ 400 கனமீட்டர் போகும். ஒரு ஹெக்டேருக்கு 50 மி.மீ. உயிர்த்தண்ணீர் (பயிர் காயாமல் காக்கும் தண்ணீர்) பாய்ச்ச 500 கனமீட்டர் போதும். ஆக, பருத்தி காய் பிடிக்கும் நேரத்தில் மழை பதினைந்து இருபது நாள் ஏமாற்றினால், ஒன்றரை ஹெக்டேரை இரண்டு தண்ணீரில் ஒரு குட்டை தாங்கும் என்று சொல்லலாம். மழை இடைவெளிக்கு இதைவிட நேரடியான மருந்து இல்லை.

கெடுவது எங்கே? வாய்க்கு முன்னால் வண்டல் குழி வைக்காததால் மூன்று நான்கு மழையிலேயே தூர்கிறது. வெட்டிய மண்ணை விளிம்பிலேயே குவித்தால் அடுத்த மழையில் அது உள்ளே வந்துவிடும். ஒன்றரை மீட்டராவது தள்ளிப் போடுங்கள். பெரிய தவறு வேறு: பிளாஸ்டிக் தாள் விரித்து, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நிரப்பி வைப்பது. நிலத்தடித் தண்ணீரை வெயிலில் காயப்போடுவதற்கு மானியம் எதற்கு?

மேட்டுநிலக் குழிகள்

அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம், 3 மீட்டர் நீளத்தில் விட்டுவிட்டுத் தோண்டும் குழி முக்கால் கனமீட்டர் பிடிக்கும். ஹெக்டேருக்கு 200 குழி என்றால் 150 கனமீட்டர், அதாவது 15 மி.மீ. ஓட்டம். தொடர்ச்சியாக வெட்டினால் மட்டம் சற்றுப் பிசகினாலும் தண்ணீர் ஓரிடத்தில் சேர்ந்து உடைக்கும். விட்டுவிட்டு வெட்டுவதற்குக் காரணம் அதுதான். மட்டம் பார்க்க டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) இருந்தால் வேலை நடக்கும். செம்மண் சரிவுக்கு இது பொருந்தும். கரிசலில் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகும், வரப்பு வெடித்து உடையும். அங்கே லேசான வாட்டத்தில் வரப்பும் புல் வளர்த்த வடிகாலும் போதும்.

கண்மாய்

எங்கள் முதல் ஓட்டு இதற்குத்தான். 40 ஹெக்டேர் நீர்ப்பரப்புள்ள கண்மாயில் 30 செ.மீ. வண்டல் எடுத்தால் 1 லட்சத்து 20 ஆயிரம் கனமீட்டர் இடம் கிடைக்கும். முன்னால் சொன்ன தடுப்பணைகள் நாற்பதுக்குச் சமம். கொட்டித் தீர்க்கும் மழையைப் பிடிக்கும் அளவு ஊரில் இது ஒன்றுக்குத்தான் உண்டு. வண்டலை உழவரே வண்டி கட்டி அள்ளிக்கொண்டால் செலவும் குறையும், செம்மண் வயலுக்கு ஈரம் பிடிக்கும் களியும் சேரும்.

ஆனால் தூர்வாரல் என்ற பெயரில் நடப்பதில் பாதி கேடு. கரையோரமாக ஜேசிபி வைத்துத் தோண்டினால், கசிவைத் தடுத்துக்கொண்டிருந்த களிப்படலம் கிழிந்து கரைக்கு அடியில் ஊற்றெடுக்கும். வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்து நீர் வயலுக்கு ஏறாது. ஆடு மாடு குடிக்கவும் கிணறு ஊறவும் அது வேண்டும் என்றால் தெரிந்தே ஓரிடத்தில் தோண்டுங்கள். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை விட்டுவிட்டுத் தண்ணீர் நிற்கும் உள்வாயை மட்டும் ஆழப்படுத்தினால் 2016 மாதிரி ஆண்டில் உள்ளே ஒன்றும் வராது.

2023 மாதிரி ஆண்டுக்குக் கலுங்குதான், அதாவது மிஞ்சும் தண்ணீர் வழிந்தோடும் வாய்தான் உயிர்நாடி. கூடுதல் தண்ணீர் தேக்கும் ஆசையில் கலுங்கின் மேல் மணல் மூட்டை அடுக்குவது பல ஊர்களில் வழக்கம். அடுக்கிய ஒவ்வொரு அடியும் கரையின் பாதுகாப்பு உயரத்தில் கழிகிறது. மேலே உள்ள கண்மாய் உடைந்தால் அந்த வெள்ளம் கீழுள்ளதையும் சேர்த்து உடைக்கும். சங்கிலிக் கண்மாய்களில் கலுங்கு நீளத்தைத் தனி ஊருக்கு மட்டும் கணக்குப் போட முடியாது.

ஒன்று மற்றொன்றைத் தின்னும்

திட்ட அறிக்கைகள் அடக்கி வாசிக்கும் விஷயம் இது. மேட்டில் குழி, நடுவில் குட்டை, ஓடையில் அணை என்று எல்லாம் நிரம்பினால், மழை குறைந்த ஆண்டில் கண்மாய்க்கு வருவது சொட்டுதான். மேட்டுப் புஞ்சைக்காரருக்கு ஆதாயம், கண்மாய்ப் பாசனத்தை நம்பும் ஆயக்கட்டுக்காரருக்கு நட்டம். குட்டைகளின் எண்ணிக்கைக்கு ஊர்க்கூட்டத்திலேயே உச்சவரம்பு வைத்துவிட வேண்டும். வாய்க்கால் நேராகக் கண்மாயில் விழும் நிலத்தில் குட்டைக்கு முன்னுரிமை வேண்டாம்.

பணத்தைப் பிரிக்கும் வரிசை எங்கள் கணக்கில் இப்படி வரும்: முதல் ஆண்டில் வரத்துக்கால், கலுங்கு, கரை. கூடவே செம்மண் சரிவில் குழி; வண்டல் கண்மாய்க்கு வரும் முன்பே அங்கே நிற்கட்டும். இரண்டாம் ஆண்டில் கரிசலில் குட்டை. தடுப்பணை மூன்றாம் ஆண்டில்தான்; அதற்குள் கிணறுகளின் நீர்மட்ட அளவு கையில் இருக்கும். ஓடையோரக் கிணறுகள் கார்த்திகையிலேயே நிரம்பி நின்றால் தடுப்பணைக்கு ஒதுக்கியதை மடைக் கதவுக்கும் வடிகாலுக்கும் மாற்றிவிடலாம்.