செல்லிக்குக் குட்டியா, கருத்தடையா: எட்டுக் குட்டிக்கு அப்புறம் போட்ட கணக்கு

எங்கள் வீட்டு லாப்ரடார் செல்லி இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டாள். இரண்டரை வயதில் ஓர் ஈத்து, எட்டுக் குட்டிகள். குட்டிகள் பால் மறந்து மூன்று மாதம் கழித்துக் கருத்தடை. அதனால் "வீட்டு நாயிடம் குட்டி எடுக்கலாமா, ஆபரேஷன் செய்துவிடலாமா" என்று யாராவது கேட்டால் என்னிடமிருந்து நடுநிலையான பதில் வராது. நான் ஆபரேஷன் கட்சி.

எல்லோரும் பேசுவதைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். "ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் பெட்டைக்கு உடம்பு நல்லா இருக்கும்" என்பதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. "ஆபரேஷன் செய்தால் குண்டாகிவிடும்" என்பது பாதி நிஜம். தட்டில் அளவைக் குறைத்தால் சரியாகிவிடும். குட்டி விற்றுக் காசு பார்க்கலாமா? 2017-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, விற்பதற்காகக் குட்டி எடுப்பவர் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 18 மாதம் ஆகாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது, எட்டு வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது. நாங்கள் விற்கவில்லை, சும்மாதான் கொடுத்தோம். அதிலும் ஒரு கோளாறு இருந்தது, பிறகு வருகிறேன்.

குட்டி எடுப்பதில் சந்தோஷமே இல்லை என்று சொன்னால் பொய். 63 நாள் என்று கணக்கு வைத்து, கடைசி வாரம் காலையும் மாலையும் தெர்மாமீட்டரும் கையுமாக இருந்தோம். நாய்க்குச் சாதாரணமாக 101, 102 டிகிரி இருக்கும். அது 99-க்குக் கீழே இறங்கினால் ஒரு நாளுக்குள் பிரசவம். செல்லிக்கு ஒரு சாயங்காலம் 98.6 காட்டியது. சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, விரித்த பழைய சேலையைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். ராத்திரி ஒன்றே முக்காலுக்கு முதல் குட்டி, விடியும்போது எட்டாவது. ஐந்தாவது பையோடு வந்தது, செல்லி அதை நக்கவில்லை. என் மனைவிதான் விரலால் பையைக் கிழித்து, துண்டில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். 'கீச்' என்று அது கத்தியபோது எங்கள் இரண்டு பேருக்கும் உடம்பு நடுங்கியது.

மார்கழி மாதம். மதுரையில் பெரிய குளிரில்லைதான், ஆனால் முதல் இரண்டு மூன்று வாரம் குட்டிகளால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. பக்கத்தில் ஒரு பல்பு போட வேண்டும், எல்.ஈ.டி. பல்பு சூடாகாது. பழைய குண்டு பல்புக்காக டவுன் ஹால் ரோடு வரை அலைந்தேன். கழுத்தில் கலர் நூல் கட்டி, சமையலறைத் தராசில் தினமும் எடை போட்டோம். பிறந்தபோது 400 கிராம் இருந்தது பத்து நாளில் இரண்டு மடங்கு ஆக வேண்டும். எடை ஏறாத குட்டிக்குத்தான் முதல் கவலை.

பதினைந்து நாள் வரை எல்லாச் சுத்தமும் தாய் பார்த்துக்கொள்வாள். நான்காவது வாரம் செரலாக்கும் ஊறவைத்த தீவனமும் கொடுக்க ஆரம்பித்ததும் அவள் கையைக் கழுவிவிட்டாள். அதற்குப் பிறகு எல்லாம் நாம்தான். வழக்கமாகப் பழைய பேப்பரை எடைக்குப் போடும் கடையிலேயே கிலோ கணக்கில் திருப்பி வாங்கி வந்தேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பூச்சி மருந்து, ஆறு வாரத்துக்கு மேல் தடுப்பூசி. இரண்டும் எட்டால் பெருக்கி. சரி, இதெல்லாம் இரண்டு மாதத்தில் முடிகிற கஷ்டம்தான். இதற்காக மட்டும் யாரையும் வேண்டாமென்று தடுக்க மாட்டேன்.

என்னை மாற்றியது, பிறந்த எட்டில் ஐந்து பெண் குட்டி.

செல்லி சினையாவதற்கு முன்பே "குட்டி போட்டா எனக்கு ஒண்ணுண்ணே" என்று பதினோரு பேர் சொல்லி வைத்திருந்தார்கள். காலண்டரின் பின்பக்கம் பெயர்களை எழுதி மாட்டியிருந்தேன். கிராஸுக்குப் பணம் வாங்காத ஆண் நாய்க்காரர், பேசினபடி தனக்கு ஓர் ஆண் குட்டியைக் குறித்துக்கொண்டார். மீதி இரண்டு ஆண் குட்டிகளுக்கும் கண் திறப்பதற்கு முன்பே ஆள் வந்துவிட்டது. அப்புறம் லிஸ்டில் இருந்த மற்றவர்களுக்குப் போன் போட்டேன். எல்லோரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "ஆணா, பொட்டையாண்ணே?" பொட்டை என்றதும் குரல் இறங்கிவிடும். "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றவர்களில் ஒருவர்கூடத் திரும்ப அழைக்கவில்லை.

காரணம் கேட்டால் எல்லோருக்கும் ஒரே காரணம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஹீட்டுக்கு, அதாவது இணை சேரும் பருவத்துக்கு, வரும், வீடெல்லாம் ரத்தச் சொட்டு, வாசலில் தெருநாய்க் கூட்டம், கொஞ்சம் அசந்தால் வயிற்றில் குட்டி. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர்கள் சொன்னதில் தப்பு எங்கே? இதே தொல்லையைத்தான் நானும் செல்லியிடம் பட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு பெண் குட்டி உசிலம்பட்டியில் சித்தப்பா தோட்டத்துக்குப் போனது. இரண்டை, "ஆபரேஷன் செலவு என்னுது, வயசு வந்ததும் நானே கூட்டிட்டுப் போறேன்" என்று சொன்ன பிறகுதான் வாங்கிக்கொண்டார்கள். அந்த வழி முதலிலேயே தோன்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான்காவதை வாங்கிப் போனவர் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார், அவர் இன்னொருவருக்கு. இப்போது எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. சும்மா கொடுத்ததன் கோளாறு இதுதான். கைக்காசு போடாத பொருளைக் கைமாற்றுவதும் சுலபம். ஐந்தாவது, மனைவி தேய்த்துப் பிழைக்க வைத்த அதே குட்டி, பத்தாவது மாதம் முதல் ஹீட் வந்த வாரத்தில் ஆட்டோவில் திரும்பி வந்தது. கழுத்தில் புதுப் பட்டை, தட்டு, பாதி தீவனப் பை எல்லாம் ஒழுங்காகக் கூடவே வந்தன. "வீட்ல ஒத்துக்க மாட்டேங்கிறாங்கண்ணே."

அதனால் கிராஸ் செய்ய ஆசைப்படுகிறவர்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்: பிறப்பது எல்லாமே பெண்ணாக இருந்தால் எத்தனை வீடு கையில் இருக்கிறது? வாய்வார்த்தை வேண்டாம், பெண் என்று சொல்லிக் கேட்ட வீடு. மூன்றைத் தாண்டவில்லை என்றால் லாப்ரடாரில் இறங்காதீர்கள், ஏழெட்டுக் குட்டி சாதாரணம்.

ஆபரேஷன் பக்கம் சொல்ல அதிகமில்லை, அதுதான் அதன் அழகு. காலையில் வெறும் வயிற்றோடு கூட்டிப் போனோம், சாயங்காலம் தள்ளாடிக்கொண்டு வந்தாள். தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு. அதோடு பத்து நாள் கதவு நிலையிலெல்லாம் இடித்துக்கொண்டு திரிந்தாள். பிறகு பழைய செல்லிதான், இரண்டு கிலோ கூடிவிட்டது. வயதான பெட்டைகளுக்கு ஹீட் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பது உண்டு. தண்ணீராகக் குடிக்கும், சாப்பாடு இறங்காது, தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. அந்தப் பயம் இனி இல்லை. குட்டியும் வேண்டாம், ஆபரேஷனும் வேண்டாம் என்று அப்படியே விடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

என் அனுபவம் ஒரே ஈத்துதான். செல்லிக்குச் சுகப்பிரசவம், தலை பெரிய இனங்களில் பல நேரம் சிசேரியன் வரை போகும், அந்தச் செலவும் பதற்றமும் நான் படாதவை. இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். ஆண் நாய்க்குப் புரூசெல்லா (இணை சேரும்போது தொற்றும் ஒரு நோய்) ரத்தப் பரிசோதனை எடுத்தோம், ஆனால் லாப்ரடாருக்கு முக்கியமான இடுப்பு எக்ஸ்ரேயை இரண்டுக்கும் எடுக்கவில்லை. குட்டிகளில் எதற்காவது பின்னால் கால் இழுத்தால் அதில் என் பங்கும் உண்டு. ஆபரேஷனை எந்த வயதில் செய்வது என்பதிலும் ஒரே பதில் இல்லை. முதல் ஹீட்டுக்கு முன்பே செய்தால் மார்புக் கட்டி அபாயம் குறையும் என்பார்கள். பெரிய இனங்களுக்கு எலும்பு முற்றட்டும், பொறுங்கள் என்றும் சொல்வார்கள். உங்கள் டாக்டரிடம் இனத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை வைத்திருப்பவர்கள் "இனம் அழிந்துவிடக் கூடாதே" என்பார்கள். அந்த வாதத்துக்கு மரியாதை உண்டு; சென்னை சைதாப்பேட்டையில் அரசாங்கமே நம் நாட்டு இனங்களுக்கென்று ஒரு பிரிவு நடத்தி வந்தது. ஆனால் அது வம்சாவளி பார்த்து, வெள்ளை ராஜபாளையத்தில் வருகிற காதுகேளாமை மாதிரிக் குறைகளைக் கழித்துச் செய்கிற வேலை. லாப்ரடாரை வைத்துக்கொண்டு நான் அதில் தீர்ப்புச் சொல்ல முடியாது.

திரும்பி வந்த குட்டிக்குப் பஞ்சு என்று பெயர். இப்போது தாயும் மகளும் ஒரே சாக்கில் படுக்கிறார்கள். ஹீட் முடிந்து இரண்டு மாதம் போகட்டும் என்று டாக்டர் தேதி கொடுத்திருக்கிறார், தை கடைசியில். செல்லியின் பழைய கூம்பைக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறேன், மகளுக்கும் அதே அளவுதான்.