செட்டிய (சோபாவ) மூண்டரை அடி இழுத்தா சரியாகிற வேலைக்கு 147,100 ரூபா குடுத்த கதை

மட்டக்களப்புப் பக்கம் ஆராச்சும் வீட்டு ஸ்பீக்கர் சத்தம் சரியில்ல எண்டு கடைக்காரனக் கூப்பிடப் போறீங்கண்டா கொஞ்சம் நில்லுங்க, இத வாசிச்சிட்டு மறுகா கூப்பிடுங்க. கடைப் பேர் இப்ப சொல்ல மாட்டன், முறைப்பாடு ஒண்டு குடுத்திருக்கன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். இன்பொக்ஸ்லயும் கேக்காதீங்க.

எங்கட வீடு கல்லடில. ஹோல் 12 அடிக்கு 15 அடி, தரை முழுக்க டைல், சீமெந்துச் சுவர், ஜன்னலுக்கு ஒரு மெல்லிசான திரைச்சீலை, அவ்வளவுதான். மச்சான் கட்டார்ல இருந்து வரக்குள்ள ஒரு சோடி ஸ்பீக்கரும் அம்ப்ளிஃபயரும் கொண்டு வந்து தந்தான், நல்ல சாமான். அத ஒரு சுவரோட வச்சன், எதிர்ச்சுவரோட முதுகு ஒட்டினாப்போல செட்டி, ரெண்டு சுவருக்கும் நடுவுல 12 அடி. நம்மட ஊர்ல எல்லா வீட்டுலயும் செட்டி அப்பிடித்தானே கிடக்கு.

பிரச்சினை என்னெண்டா பாட்டுப் போட்டா பேஸ் (தாழ்ந்த சுரம்) எல்லாம் ஒரே டொம் டொம், மிருதங்கமா கிற்றாரா எண்டு பிரிச்சுச் சொல்லேலாது. பாடுறவங்கட குரலும் இடது பக்கத்து ஸ்பீக்கருக்குள்ள இருந்து மட்டும் வரும் (நான் எப்பவும் இருக்கிறது செட்டிட இடது மூலைல, ஃபேன் காத்து அங்கதான் வரும்). ஸ்பீக்கர்தான் பழுதாக்கும் எண்டு நினைச்சு டவுன்ல ஒரு கடைக்கு கோல் பண்ணினன்.

ஒரு தம்பி வந்தான். லேசர்ல அளந்தான், ரெண்டு தரம் கை தட்டிப் பாத்தான், ஃபோன்ல என்னமோ கோடு கோடாக் காட்டினான், ஒரு ஃபோர்ம் நிரப்பினான். அதுக்கு 3,500. மறுகா சொன்னான், வயர் சரியில்ல, பேஸுக்கு தனியா சப்வூஃபர் (பேஸ் மட்டும் போடுற ஸ்பீக்கர், சுருக்கமா சப்) வேணும், சுவருக்கு ஃபோம் அடிக்கணும் எண்டு. நான் அப்பவே கேட்டன், இத நல்லா ஞாபகம் வச்சிருக்கன், "தம்பி, நாங்க இருக்கிற இடத்துல ஏதும் பிழை இருக்குமா, செட்டியக் கிட்டியக் கொஞ்சம் மாத்திப் பாப்பமா?" எண்டு. அவன் சிரிச்சிட்டு, "இல்ல சேர், நல்ல செட் எண்டா எங்க இருந்து கேட்டாலும் ஒரே மாதிரித்தான் கேக்கும்" எண்டான்.

அந்த ஒரு சிரிப்புக்கு நான் குடுத்த காசு இதுதான். வயர் 12 மீற்றர், மீற்றர் 1,800 படி 21,600. சப் 92,000. ஃபோம் 24 துண்டு, துண்டு 1,250, 30,000. அந்த 3,500ஐயும் சேர்த்தா 147,100. பில்ல பாத்தா "ஓடியோ சாமான்" எண்டு கையால ஒரு வரி, மொடல் நம்பர் இல்ல, வரண்டி வாயால.

சப்ப மூலைக்குள்ள வச்சிட்டுப் போனானுகள். அண்டைக்கு ராவு பாட்டுப் போட்டா ஷோகேஸ்ல இருந்த கண்ணாடிக் கோப்பையெல்லாம் சேர்ந்து பாடுது. அடுத்த வீட்டு மாமி காலைல மதிலுக்கு மேலால எட்டிப் பாத்து, "மகன், ஜெனரேட்டர் ஏதும் வாங்கின நீங்களா?" எண்டு கேட்டா. கடைக்கு அடிச்சன், "சேர் அது 200 மணித்தியாலம் ஓடினாத்தான் செட் ஆகும்" எண்டான். ரெண்டாந்தரம் அடிச்சன், எடுக்கல்ல. மூண்டு கிழமை கழிச்சு நேர்ல போனா முதலாளி சொல்றார், வித்த சாமான் திருப்பி எடுக்கிறல்ல, வேணுமெண்டா பாவிச்ச சாமானா 35,000க்கு எடுக்கலாமாம். மூண்டு கிழமைல 57,000 ரூபா தேஞ்சு போச்சு பாருங்க.

இனித்தான் கதை. தெரிஞ்ச அண்ணன் ஒராள், லவுட்ஸ்பீக்கர் சேர்விஸ் வச்சிருக்கார், மாமாங்கம் ஆடியமாவாசைத் திருவிழா எண்டா ஹோர்ன் கட்டுற ஆள், மகள்ட கல்யாணக் காட் குடுக்க வந்தவர். இருங்க எண்டா இருக்கல்ல. தேத்தண்ணிக் கோப்பையோட ஹோலுக்குள்ள அங்கயும் இஞ்சயும் நடக்கிறார், நிக்கிறார், குனியிறார், நடக்கிறார். எனக்கு என்னடா இது எண்டு போச்சு. கடைசில கோப்பைய ஸ்டூல்ல வச்சிட்டு, "ஒரு கை பிடி தம்பி" எண்டு செட்டிய முன்னுக்கு இழுத்தார். மூண்டரை அடி. சப்பட சுவிச்ச ஓஃப் பண்ணினார். "இப்ப நடுவுல இருந்து கேளு" எண்டார்.

பாட்டு மாறிப் போச்சு எண்டுதான் முதல்ல நினைச்சன். அதே பாட்டுத்தான். குரல் ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல, ஒண்டுமே இல்லாத வெறும் சுவர்ல இருந்து வருது, பேஸ் கிற்றார்ட ஒவ்வொரு சுரமும் தனித்தனியா நடக்குது.

அவர் சொன்னதயும் நான் பிறகு தேடிப் படிச்சதயும் சேர்த்துச் சொல்றன். 12 அடி அறைல ஏறத்தாள 47 ஹெர்ட்ஸ் (செக்கனுக்கு 47 தரம் அதிர்ற) சத்தம் ரெண்டு சுவருக்கும் இடையில போய்ப் போய் வந்து ஊஞ்சல் மாதிரி ஆடும், அந்த அலைட நீளம் 24 அடி, அறைட ரெண்டு மடங்கு. சுவரோரம் அது உச்சத்துல இருக்கும், நட்ட நடுவுல ஏறக்குறைய இல்லாமலே போயிரும். சுவர்ல தலையச் சாய்ச்சு இருக்கிறவனுக்கு டொம் டொம், சரி நடுவுல இருக்கிறவனுக்கு பேஸ் இல்லாத வெறும் சத்தம், ரெண்டுக்கும் இடைப்பட்ட ஒரு இடம்தான் நமக்கு வேணும். சப்ப மூலைல வச்சா அந்த ஊஞ்சல இன்னும் பலமாத் தள்ளுற மாதிரி. கடைக்காரன் செஞ்சது அதத்தான், சப்பும் மோசமான இடத்துல, நானும் மோசமான இடத்துல. 24 அடி அலைய ஒரு இஞ்சி ஃபோம் என்னத்தப் பிடிக்கும், அது கீச்சு சத்தத்த மட்டும் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான் (முட்டை மட்டை அடிக்கிற ஆக்களுக்கும் இதே கதைதான்).

குரல் இடது பக்கம் போனதுக்கு காரணம் இன்னும் சின்னது. ஒரு ஸ்பீக்கருக்கு ஒரு அடி கிட்ட இருந்தா அந்தச் சத்தம் ஒரு மில்லிசெக்கனுக்கும் கொஞ்சம் குறைவா முந்தி வரும், காதுக்கு அது காணும், முந்தி வந்த பக்கத்துக்கே முழுப் பாட்டையும் எழுதிக் குடுத்திரும். ஸ்டீரியோவுக்கு புளூம்லைன் எண்ட இங்கிலீஷ் எஞ்சினியர் 1931லயே பேடன்ட் போட்டவர். ரெண்டு ஸ்பீக்கரும் கேக்கிற ஆளும் ஒரு முக்கோணமா, மூண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமனா இருக்கணும், பெட்டிக்குள்ள இருக்கிற சின்ன ஸ்பீக்கர் காதுட உயரத்துக்கு வரணும், இதுதான் கணக்கு. இதுக்கு காசே இல்ல.

அண்ணன் தேத்தண்ணி முடிச்சிட்டுச் சொன்னார், "கல்லடிலயே இருந்துகொண்டு இது தெரியாதாடா, மீன் பாடுறதுக்கே தோணி நிக்கிற இடம் வேணும், துடுப்ப தண்ணிக்க விட்டு மற்ற முனைல காது வைக்கணும்" எண்டு. மெய்தான், எங்கட வாவில ராவுல தண்ணிக்கடில இருந்து ஒரு சத்தம் வரும், அதத்தான் மீன் பாடுது எண்டு சொல்றது. 1848ல டெனன்ட் எண்ட வெள்ளக்காரத் துரை இஞ்ச வாவில போய்க் கேட்டவர், வள்ளம் நகர நகர சத்தம் மாறினதாம், சில இடத்துல கேக்காமலே போய் பழைய இடத்துக்கு வந்தோன திரும்பக் கேட்டதாம். எங்கட அப்பாமார் நிலாவுல செய்ததுதான், நான் 147,100 குடுத்துப் படிச்சன்.

சப்புக்கும் ஒரு வழி காட்டிட்டுப் போனார். சப்பத் தூக்கி செட்டில நாம இருக்கிற இடத்துல வச்சு பாட்டப் போட்டிட்டு, நாம தரைல தவண்டு தவண்டு போய் எந்த இடத்துல பேஸ் வடிவாக் கேக்குதோ அங்க சப்ப வைக்கணும். நான் சாரத்த மடிச்சுக் கட்டிட்டு டைல்ல தவள, மனிசி வாசல்ல நிண்டு சிரிச்ச சிரிப்பு, அத வீடியோ வேற எடுத்து மச்சானுக்கு அனுப்பிட்டா.

ஒண்டு சொல்லணும், எல்லாருக்கும் இது தேவையுமில்ல. மனிசி குசினில இருந்துதான் பாட்டுக் கேப்பா, அவவுக்கு செட்டி எங்க கிடந்தா என்ன, நடந்து போக இடமில்ல எண்டுதான் இப்ப சண்டை. அந்த நல்ல இடமும் ஒராளுக்குத்தான், பக்கத்துல இருக்கிறவருக்கு கொஞ்சம் பிசகும். ஆனா சாமான் வாங்க முதல், ஃபோன்ல சும்மா கிடைக்கிற டோன் ஆப் (ஒரே சுரத்த விடாமப் போடுற ஆப்) ஒண்ட இறக்கி 40ல இருந்து 100 ஹெர்ட்ஸ் வரைக்கும் போட்டுட்டு ஹோலுக்குள்ள நடந்து பாருங்க, ஒரு காலடி வச்சா கூடும், ஒரு காலடி வச்சா குறையும், அப்ப நான் சொல்றது விளங்கும். வாற பொடியன் உங்கட கதிரைப் பக்கமே திரும்பாம விலைப்பட்டியல எடுத்தானெண்டா தேத்தண்ணியக் குடுத்து அனுப்பி விடுங்க. பில் கேளுங்க, 2003ம் ஆண்டு 9ம் இலக்க நுகர்வோர் சட்டப்படி கேட்டா குடுத்தே ஆகணும், அதுல மொடல் நம்பர எழுத வையுங்க, வரண்டியையும் எழுத்துல வாங்குங்க. முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, 1977க்கு அடிக்கலாம், நான் அடிச்சன், எழுத்துலயும் குடுத்திருக்கன்.

ஃபோம கழட்டக்குள்ள பெயின்ட்டும் சேர்ந்து வந்திட்டு, இப்ப சுவர் 24 சதுரமா சொறி பிடிச்ச மாதிரி நிக்குது. சப் சாமான் அறைல அரிசி மூட்டைக்குப் பக்கத்துல. ஆருக்கும் வேணுமெண்டா வந்து கேட்டுப் பாத்து எடுக்கலாம், எங்க வச்சு எங்க இருந்து கேக்கணும் எண்டு நானே காட்டித் தருவன்.