தினமும் மாத்திரையா, மாதம் ஒரு ஊசியா? மனச்சிதைவு நோயில் மருந்தைத் தொடரும் வழிகள்

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய்க்கு மருந்து தொடங்கி, காதில் கேட்ட குரல்கள் அடங்கி, தூக்கமும் திரும்பிவிட்டால் வீட்டில் அடுத்த கேள்வி வரும். இனி என்ன? பெரும்பாலும் மூன்று வழிகள் பேசப்படும்: தினமும் மாத்திரை, சில வாரங்களுக்கு ஒருமுறை ஊசி, 'அதான் சரியாகிவிட்டதே, நிறுத்திப் பார்ப்போம்' என்பது.

மூன்றாவதை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் உண்மையான போட்டி அதுதான். 65 ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் லான்செட் இதழில் ஒரு அலசல் வந்தது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் நோய் திரும்பியது. மருந்தில்லாத வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் அது 64 சதவீதம். இவ்வளவு வித்தியாசம் இருந்தும் ஏன் நிறுத்துகிறார்கள்? நிறுத்திய மறுநாள் ஒன்றும் ஆகாது என்பதால்தான். பல வாரங்கள் வரை, சிலருக்கு மாதக்கணக்கில்கூட ஒன்றும் ஆகாது. மருந்தின் மந்தம் விலகி முகம் தெளிவாகக்கூடத் தெரியும். 'பார்த்தீர்களா, மருந்து இல்லாமலே நன்றாக இருக்கிறான்' என்று வீடே நம்பும். பிறகு தூக்கம் குறையும், அறைக்கதவு சாத்தியே இருக்கும், யார் பேசினாலும் சந்தேகம் வரும். மருந்தை நிறுத்தியதுதான் காரணம் என்று புரிவதற்குள் படிப்போ வேலையோ கையை விட்டுப் போயிருக்கும்.

முதல்முறை நோய் வந்தவர்கள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். மருந்து மிக நன்றாக வேலை செய்வது அந்தக் கட்டத்தில்தான். நார்வேயின் ரோகாலாண்ட் பகுதியில் பொதுமக்களுக்கும் பள்ளிகளுக்கும் அறிகுறிகளைச் சொல்லிக்கொடுத்து, நோயாளிகளைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும் திட்டம் ஒன்று நடந்தது. வழக்கமான பகுதிகளில் நோய் தொடங்கியதிலிருந்து சிகிச்சை தொடங்க நடுமதிப்பாக (பாதிப் பேருக்கு இதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம்) 16 வாரம் ஆனபோது, அங்கே 5 வாரம்தான் ஆனது. பத்து ஆண்டு கழித்துப் பார்த்தால், மீண்டு வந்தவர்களின் விகிதம் அந்தப் பகுதியில் ஏறத்தாழ இரு மடங்கு. அப்படிச் சீக்கிரம் தொடங்கிக் கிடைத்த நன்மையை, ஆறு மாதத்தில் நிறுத்திக் கோட்டைவிடுவதைப் போல மனதை வருத்துவது வேறில்லை.

'டாக்டரைக் கேட்டு மெதுவாகக் குறைக்கலாமே?' நியாயமான கேள்வி. கேட்கவும் வேண்டும். ஆனால் பிரிட்டனில் 2023-ல் வெளியான ஓர் ஆய்வில், மேற்பார்வையோடு படிப்படியாகக் குறைத்தவர்களிலும் 25 சதவீதம் பேர் இரண்டு ஆண்டுக்குள் நோய் முற்றி மருத்துவமனையில் சேர வேண்டியதாயிற்று. வழக்கம்போல் தொடர்ந்தவர்களில் 13 சதவீதம்.

சரி, மாத்திரைக்கு வருவோம். அதன் பெரிய பலம் வளைந்துகொடுப்பது. கை நடுங்கினால், ஓரிடத்தில் உட்கார முடியாமல் தவித்தால், எடை ஏறினால், டோஸைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். எது ஒத்துக்கொள்ளும் என்று தெரியாத தொடக்க காலத்தில் மாத்திரைதான் சரி.

பலவீனம் வீட்டுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு இரவும் அம்மா தண்ணீர் டம்ளரோடு நிற்பார். 'மாத்திரை போட்டியா? வாயைத் திற, நாக்கைத் தூக்கு.' இருபத்தைந்து வயது மகனுக்கு இது அவமானம், அம்மாவுக்கு வேதனை. தனக்கு நோய் இருப்பதையே உணர முடியாமல் போவது இந்த நோயின் ஒரு பகுதி, அதனால் மறுப்பைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. இந்தச் சண்டையில் களைத்துப்போய்ச் சிலர் மாத்திரையைப் பொடித்துச் சாப்பாட்டில் கலக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உணவில் விஷம் வைக்கிறார்கள் என்று ஏற்கெனவே பயப்படுபவர் ஒருநாள் அந்தத் துகளைத் தட்டில் பார்த்துவிட்டால், அப்புறம் அந்த வீட்டில் யாரை நம்புவார்?

ஊசி என்றால் வேறு மருந்து என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அதே மருந்துதான், தசையில் தங்கி மெல்ல மெல்ல இரத்தத்தில் கலக்கும்படி தயாரித்திருப்பார்கள். ஃப்ளூஃபெனசின், ஹாலோபெரிடால் பழையவை. பாலிபெரிடோனில் மாதத்துக்கு ஒருமுறை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுபவையும் உண்டு. ஊசியில் எனக்குப் பெரிதாகத் தெரியும் நன்மை, 'போட்டியா' என்ற கேள்வியே வீட்டிலிருந்து போய்விடுவது. தேதி தவறினால் அன்றைக்கே தெரிந்துவிடும். மருந்தின் அளவும் உடலில் மெதுவாகத்தான் இறங்கும் என்பதால் ஆளை அழைத்துவரக் கொஞ்சம் அவகாசம் இருக்கும். ஸ்வீடனில் ஏறத்தாழ 30,000 பேரின் பதிவுகளை வைத்து 2017-ல் வெளியான ஆய்வில், அதே மருந்தை மாத்திரையாக எடுத்தவர்களைவிட ஊசி போட்டவர்கள் மீண்டும் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 20 முதல் 30 சதவீதம் குறைவாக இருந்தது.

சிக்கல்களும் உண்டு. போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது, பக்க விளைவு வந்தால் வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும். அதனால்தான் முதலில் மாத்திரையாகக் கொடுத்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கிறார்கள். சில ஊசிகளுக்கு முதல் சில வாரம் மாத்திரையும் சேர்த்து எடுக்க வேண்டும். ஒலான்சபின் ஊசியின் ஒரு வகைக்குப் பிறகு மூன்று மணி நேரம் மருத்துவமனையிலேயே கண்காணிப்பில் இருக்க வேண்டும். எடை, சர்க்கரை அளவு, மாதவிடாய் மாற்றம் ஆகியவற்றைக் கவனிப்பது மாத்திரை, ஊசி இரண்டுக்கும் பொது.

மாத்திரையைத் தானே நினைவாகப் போட்டு, தொந்தரவுகளை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்பவருக்கு ஊசி தேவையில்லை. ஓரிரு முறை நிறுத்தியவருக்கும், மாத்திரை வேளை தினமும் சண்டையாகும் வீட்டுக்கும் ஊசியே என் தேர்வு. அதையும் மூன்றாம் நான்காம் முறை மருத்துவமனையில் சேர்ந்த பிறகல்ல, முதல் ஆண்டிலேயே பேசுங்கள். நோயாளியிடமே கேளுங்கள். 'மாத்திரை போடலைன்னா ஊசிதான்' என்று மிரட்டி அறிமுகப்படுத்தினால் அவருக்கு அது தண்டனையாகவே தெரியும். 'தினமும் இந்தத் தொல்லை வேண்டாம்னா இப்படி ஒரு வழி இருக்கு' என்றால் ஒப்புக்கொள்பவர்கள் உண்டு.

இரண்டு வெவ்வேறு மருந்துகளைப் போதிய டோஸில், போதிய காலம், விடாமல் எடுத்தும் குரல்கள் அடங்கவில்லை என்றால் இந்த ஒப்பீடு அவருக்குப் பொருந்தாது. அப்போது மருத்துவரிடம் கேட்க வேண்டியது க்ளோசபின் என்ற மருந்தைப் பற்றி. மாத்திரையாகத்தான் எடுக்க வேண்டும், இரத்தப் பரிசோதனையும் தவறாமல் செய்ய வேண்டும்.