ரேடியேஷனுக்குப் பின் வந்த ரத்தக்கசிவு: ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன் சிகிச்சை எடுத்த அனுபவம்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுத்துக் குணமாகி, சில வருடங்கள் கழித்து எனக்குச் சிறுநீரில் ரத்தம் வர ஆரம்பித்தது. புற்றுநோய் திரும்பிவிட்டதா என்று முதலில் சிஸ்டோஸ்கோப்பி (சிறுநீர்ப்பைக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்து பார்த்தார்கள். இல்லை. கதிர்வீச்சு பட்ட இடத்தில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் மெல்ல அடைபட்டு, சிறுநீர்ப்பையின் சுவர் ஆக்சிஜன் போதாமல் நலிந்துவிட்டது என்றார்கள். அதற்காக எடுத்ததுதான் ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன் சிகிச்சை, அதாவது அழுத்தம் கூட்டிய மூடிய அறைக்குள் இருந்து தூய ஆக்சிஜனைச் சுவாசிப்பது. முடிந்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. பலன் நிலைக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுத நினைத்ததால் இவ்வளவு தாமதம்.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது பெரும்பாலும் ஹீமோகுளோபின்தான். சாதாரணக் காற்றிலேயே அது ஏறக்குறைய நிரம்பிவிடும். மேலும் ஏற்ற இடமில்லை. அழுத்தத்தைக் கூட்டித் தூய ஆக்சிஜன் கொடுத்தால் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவிலேயே அது கரைகிறது. 100 மி.லி. ரத்தத்தில் வழக்கமாகக் கரைந்திருப்பது சுமார் 0.3 மி.லி.; வளிமண்டல அழுத்தம் 3 மடங்கானால் 6 மி.லி. வரை போகும். என் போன்றவர்களுக்கு 2 முதல் 2.5 மடங்கு வரை வைக்கிறார்கள். வெளியே வந்த சிறிது நேரத்தில் இந்த அளவு இறங்கிவிடும். தினமும் இப்படி ஏறி இறங்குவதுதான் புதிய நுண்குழாய்கள் வளரத் தூண்டுகிறது. வாரம் 5 நாள் வீதம் 30 முதல் 40 அமர்வுகள் சொல்வது அதனால்தான். முதல் வாரத்திலேயே மாற்றம் தேடாதீர்கள். எனக்குப் பாதி அமர்வுகள் தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை.

நான் படுத்தது ஒருவருக்கான கண்ணாடிக் குழாய் போன்ற சேம்பர். பலர் சேர்ந்து உட்கார்ந்து மாஸ்க் வழியாகச் சுவாசிக்கும் பெரிய அறைகளும் உண்டு. உள்ளே சும்மா படுத்திருப்பதுதான் வேலை, ஆனால் அழுத்தம் ஏறும் முதல் 10, 15 நிமிடம் முழுக்கக் காதோடு போராட்டம். விமானம் இறங்கும்போது அடைக்குமே, அதைவிட அழுத்தமாக, விடாமல் அடைக்கும். எச்சில் விழுங்கலாம், கொட்டாவி விடலாம், மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதலாம். வலி வரும்வரை காத்திருக்கவே கூடாது; அடைப்பு தெரிந்ததும் கையைத் தூக்குங்கள், டெக்னீஷியன் அழுத்தம் ஏற்றுவதை நிறுத்திவிடுவார். செவிப்பறைக் காயம்தான் இந்தச் சிகிச்சையில் அதிகம் வரும் பக்கவிளைவு. சளி பிடித்திருந்தால் அன்று போகாமல் இருப்பதே நல்லது. அழுத்தம் ஏறும்போது உள்ளே புழுக்கமாகும், இறங்கும்போது குளிரும். மூடிய இடம் என்றால் பயம் உள்ளவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள்.

மருத்துவமனை தரும் பருத்தி உடை மட்டும்தான். தலை எண்ணெய், க்ரீம், சென்ட், வாட்ச், போன் எதுவும் உள்ளே போகக் கூடாது. தூய ஆக்சிஜனில் சிறு பொறியும் பெரிய தீயாகும். தினமும் சோதிக்கிறார்களே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். சோதிக்காத இடத்துக்குப் போகாதீர்கள்.

நடுவில் தூரப் பார்வை மங்கியது. லென்ஸில் வரும் தற்காலிக மாற்றம் என்றார்கள். முடிந்து சில வாரங்களில் சரியாகிவிட்டது. அவசரப்பட்டுப் புதுக் கண்ணாடி வாங்க வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு உள்ளே சர்க்கரை சட்டென்று இறங்கலாம், அதனால் ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அரிதாக ஆக்சிஜன் மிகுதியால் வலிப்பு வரும். இடையிடையே சாதாரணக் காற்று கொடுப்பது அதைத் தவிர்க்கத்தான். நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கி, அதற்குச் சிகிச்சை பெறாதவர்களை உள்ளே விடவே மாட்டார்கள்.

ரத்தம் படிப்படியாகக் குறைந்தது. கடைசி அமர்வுக்குப் பிறகும் சில மாதங்கள் முன்னேற்றம் தொடர்ந்தது. இப்போது ரத்தம் இல்லை; அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருப்பது மட்டும் முழுதாகச் சரியாகவில்லை. நார்டிக் நாடுகளின் 5 மருத்துவமனைகளில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வும் இந்தப் பிரச்சினைக்கு அறிகுறிகள் குறைவதைக் காட்டியிருக்கிறது. ஆறாத சர்க்கரைப் புண், கார்பன் மோனாக்சைடு விஷம், ஆழ்கடல் மூழ்குவோருக்கு வரும் பாதிப்பு, திடீர்ச் செவித்திறன் இழப்பு ஆகியவற்றுக்கும் இது தரப்படுகிறது. ஆட்டிசம் குணமாகும், இளமை திரும்பும் என்று விற்பவர்களை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள். வீட்டில் வைக்கும் மென்மையான பைகளில் அழுத்தம் 1.3 மடங்கு அளவுதான் வரும். நான் எடுத்த சிகிச்சைக்கு அது மாற்று இல்லை.