குன்னூரில் பழைய டிஸ்க்கைப் பென்டிரைவில் ஏற்றக் கொடுக்கிறீர்களா? கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படகர் ஊர்) ஒன்றிலிருந்து ஒரு குடும்பம் குன்னூர்க் கடை ஒன்றில் 13 டிஸ்க் கொடுத்தது. கல்யாணம், புது வீடு குடிபோனது என்று 7 டிவிடி. ஹெத்தையம்மன் பண்டிகை எடுத்த 4 விசிடி. காசு கொடுத்து வாங்கிய சினிமா டிவிடி 2. டிஸ்க்குக்கு 200, "எச்டி ஆக்கித் தர" 1,500, 128 ஜிபி பென்டிரைவுக்கு 750, ஆக மொத்தம் ரூ. 4,850. மூன்று வாரம் கழித்து வந்த பென்டிரைவையும் டிஸ்க்குகளையும் பக்கத்தில் வைத்துச் சோதித்ததில் தெரிந்தவை இவை. கடையின் பெயர் இங்கே வேண்டாம். இதே வேலையை இதே மாதிரி செய்யும் கடைகள் மலையிலும் உண்டு, கீழேயும் உண்டு.

முதலில் அளவைப் பாருங்கள், பாதி உண்மை அதிலேயே தெரிந்துவிடும். வீடியோக்காரர் தரும் ஒற்றை அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி பிடிக்கும். விசிடி நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்பி. கடையில் வாங்கும் சினிமா டிவிடி பெரும்பாலும் இரட்டை அடுக்கு, 8.5 ஜிபி வரை போகும். உள்ளதை உள்ளபடி எடுத்திருந்தால் இந்த 13 டிஸ்க்குக்கும் சுமார் 48 ஜிபி வந்திருக்க வேண்டும். பென்டிரைவில் இருந்தது 9.4. கேட்டால், "பெரிய ஃபைலை பென்டிரைவ் எடுக்காதுங்க, அதான் கம்ப்ரஸ் பண்ணினோம்" என்று பதில். இதில் பாதிதான் உண்மை. ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது. எக்ஸ்ஃபேட்டாக மாற்றினால் ஏற்கும், அது ஒரு நிமிட வேலை.

அடுத்தது அந்த 1,500 ரூபாய் எச்டி. நம்மூர் டிவிடியில் படம் 720க்கு 576 புள்ளி, அவ்வளவுதான். அதை 1920க்கு 1080 என்று இழுத்தால் ஃபைலின் விவரப் பட்டியலில் எச்டி என்று வரும், முகத்தில் தெளிவு ஒரு துளிகூட அதிகமாகாது. இங்கே இழுத்ததோடு நிற்கவில்லை. டிஸ்க்கில் நொடிக்கு 6 மெகாபிட் தகவலோடு ஓடிய படத்தை 1.1 மெகாபிட்டுக்குக் குறைத்திருக்கிறார்கள். படத்தைச் சுருக்கும் எச்.264 எவ்வளவு கெட்டிக்கார முறையாக இருந்தாலும் 1080 அளவுக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. கூட்டம் ஆடும் இடமெல்லாம் கட்டம் கட்டமாக உடைகிறது. போதாததற்கு 4:3 படத்தை 16:9 திரை முழுக்கப் பரப்பிவிட்டதால் மாப்பிள்ளையும் பெண்ணும் தவில் மாதிரி நிற்கிறார்கள். கையை ஆட்டினால் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடு வருகிறது. ஒன்று விட்டு ஒரு வரியாகப் பதிந்த இன்டர்லேஸ் படத்தை, வரிகளைச் சேர்த்துச் சீராக்காமல் (டீஇன்டர்லேஸ் செய்யாமல்) பெரிதாக்கினால் அப்படித்தான் வரும்.

கல்யாண டிவிடி ஒன்று 104 நிமிடம். கடை தந்த ஃபைல் 80 நிமிடம். காணாமல் போன 24 நிமிடம்தான் முக்கியமான தடயம். டிவிடிக்குள் வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டரில் படம் ஒவ்வொன்றும் 1 ஜிபி வரையுள்ள வாப் ஃபைல்களாக வெட்டி வைக்கப்பட்டிருக்கும். இந்த டிஸ்க்கில் ஒரு முழு வாப் என்பது ஏறக்குறைய 24 நிமிடம். அதாவது விண்டோஸில் இழுத்துப் போட்டு காப்பி செய்திருக்கிறார்கள், மூன்றாவது ஃபைலில் பிழை வந்திருக்கிறது, 'ஸ்கிப்' அமுக்கிவிட்டார்கள். மீதியை ஒட்டியாயிற்று, சொல்லவும் இல்லை.

அதே டிஸ்க்கை லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளை வைத்து எடுத்தபோது படிக்க முடியாமல் நின்றது மொத்தம் 208 செக்டர். செக்டர் என்பது டிஸ்க்கில் தகவலைப் பிரித்து வைக்கும் சிறு துண்டு. செக்டருக்கு 2048 பைட், ஆக 426 கேபி. படத்தில் அரை நொடிக்குச் சற்று அதிகம். முகூர்த்தமே போய்விட்டது என்று வீட்டில் இருந்தவர்கள் நினைத்திருக்க, போனது ஒரு கண்ணிமைப்பு.

வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு முறை இதுதான். யுஎஸ்பியில் செருகும் வெளி டிவிடி டிரைவ் போதும். மழைக்காலத்தில் பீரோவிலிருந்து எடுத்த டிஸ்க்கை உடனே டிரைவில் போடாதீர்கள், ஈரம் படிந்திருக்கும். அறைச் சூட்டில் ஒரு மணி நேரம் கிடக்கட்டும். ரூம் ஹீட்டர் பக்கமோ குமுட்டி அடுப்புப் பக்கமோ காய வைத்தால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். பூஞ்சணம் இருந்தால் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு, மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். வட்டக் கீறல் தடத்தின் வழியே நீளமாக ஓடும், பிழை திருத்தும் கணக்குக்கு அது தாங்காது. குறுக்குக் கீறலைத் தாங்கிக்கொள்ளும். பற்பசை தேய்க்கும் வைத்தியம் இந்த 13-இல் இரண்டு டிஸ்க்குக்கு நடந்திருக்கிறது, வளையம் வளையமாகத் தடம் தெரிகிறது.

டிடிரெஸ்க்யூவில் செக்டர் அளவு 2048 என்று கொடுத்து, முதல் சுற்றில் கெட்ட இடத்தைத் தோண்டாமல் நல்ல பகுதி முழுவதையும் ஐஎஸ்ஓவாக, அதாவது டிஸ்க் முழுவதன் பிரதியான ஒற்றை ஃபைலாக, எடுங்கள். இரண்டாம் சுற்றில் கெட்ட இடத்தை மட்டும் மூன்று முறை முயலச் சொல்லுங்கள். எது படித்தாயிற்று, எது பாக்கி என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் கட்டாயம் வேண்டும். மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதைவிடப் பெரிய லாபம், அதே மேப்போடு டிஸ்க்கை வேறொரு கம்பெனி டிரைவில் போடலாம். ஒரு டிரைவ் முரண்டு பிடித்த செக்டரை இன்னொன்று சாதாரணமாகப் படித்துவிடும். மேலே சொன்ன 208-உம் இரண்டு டிரைவ் மாற்றிய பிறகு நின்ற எண்ணிக்கை. நல்ல டிஸ்க் கால் மணி நேரத்தில் முடியும், கெட்டது ஒரு ராத்திரி முழுக்க ஓடும். ஐஎஸ்ஓ பத்திரப் பிரதி, அதைத் தொடாதீர்கள். டிவியில் பார்க்க ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் தனியாக எம்பி4 செய்துகொள்ளலாம்: எச்.264, தர அளவு (ஆர்எஃப்) 18, டீஇன்டர்லேஸ் போட்டு, அளவைப் பெரிதாக்காமல்.

விசிடிக்கு இந்த வழி உதவாது. விசிடியின் பட செக்டரில் 2048-க்குப் பதில் 2324 பைட் திணித்திருப்பார்கள். கூடுதல் இடம் வந்தது ஒரு அடுக்குப் பிழை திருத்தத்தை எடுத்துவிட்டதால். அதனால்தான் ஃபைல் பதியும் சாதாரண சிடி தாங்கும் கீறலை விசிடி தாங்காது. சாதாரண ஐஎஸ்ஓவாக எடுத்தால் படம் வராது, செக்டரை முழுசாக எடுக்கும் பின்-க்யூ இமேஜாக எடுக்க வேண்டும். ஐசோபஸ்டர் என்ற மென்பொருள் இதற்குச் சரியாக வரும். உள்ளே இருக்கும் .DAT என்ற பட ஃபைலை விஎல்சி பிளேயர் அப்படியே ஓட்டும்.

சினிமா டிவிடி இரண்டுக்கும் கடை டிஸ்க்கைத் தொடவே இல்லை. தந்த ஃபைலின் மூலையில் திருட்டுத் தளத்தின் முத்திரை ஓடுகிறது. ஒரிஜினல் சினிமா டிஸ்க்கில் பெரும்பாலும் காப்பியைத் தடுக்கும் சிஎஸ்எஸ் பூட்டு இருக்கும். வெறும் காப்பி செய்தால் படம் பச்சைக் கட்டங்களாகச் சிதறும். அதை எடுக்கத் தெரியாமல் இணையத்தில் இறக்கியதைக் கொடுத்து டிஸ்க்குக்கு 200 வாங்கியிருக்கிறார்கள். இதில் சட்டச் சிக்கலும் உண்டு. உரிமையை மீறும் நோக்கத்தோடு இப்படிப்பட்ட பூட்டை உடைப்பது, 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 65ஏ பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றம். கல்யாண டிஸ்க்கில் எந்தப் பூட்டும் கிடையாது, அங்கே இந்தக் கவலை வேண்டாம்.

இனி பென்டிரைவ். பண்டிகை விசிடி ஃபைல்களில் மூன்று திறக்கவில்லை. "உங்க டிவி சப்போர்ட் பண்ணலைங்க" என்றார்கள். பென்டிரைவின் கொள்ளளவைச் சோதிக்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளை ஓட்டியதில் 128 என்று காட்டும் அந்தப் பென்டிரைவின் உண்மைக் கொள்ளளவு 8 ஜிபி. உள்ளிருக்கும் சிப்பைப் பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். பெயரும் அளவும் பட்டியலில் தெரியும், 8 ஜிபியைத் தாண்டி எழுதியது எங்கும் இருக்காது. இந்தச் சோதனை உள்ளே இருப்பதை அழிக்காது, ஆனால் காலி இடத்தைத்தான் சோதிக்கும். ஆகவே பென்டிரைவை நீங்களே வாங்கி, வெறுமையாகச் சோதித்துவிட்டுக் கொடுங்கள். கடையில் பணம் தரும் முன் ஒவ்வொரு ஃபைலையும் கடைசி ஐந்து நிமிடத்துக்கு நகர்த்தி ஓட்டிப் பாருங்கள். ஓடும் நேரத்தை டிஸ்க்கின் நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

13 டிஸ்க்கும் உறையில்லாமல் ஒரே கவரில் மேட்டுப்பாளையத்துக்குப் பஸ் பார்சலில் போய் வந்திருக்கின்றன. வேலை எங்கே நடக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கீழே அனுப்புவார்கள் என்றால் ஒவ்வொன்றும் தனி உறையில் போகட்டும், எண்ணிக்கை ரசீதில் இருக்கட்டும். இவர்களுக்குக் கிடைத்தது 'எஸ்டிமேட்' என்று ஒரு துண்டுச் சீட்டு. யுபிஐ ரசீதும் வாட்ஸாப் பேச்சும் இருந்ததால்தான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிய முடிந்தது. உதகையிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டாண்டு அவகாசம் உண்டு, 5 லட்சம் ரூபாய்க்குள்ளான சேவைக்குக் கட்டணம் இல்லை. இதுவரை கடை திருப்பித் தந்தது பென்டிரைவின் 750 மட்டும்.

7 டிவிடியும் 3 விசிடியும் மீண்டுவிட்டன. நாலாவது விசிடியின் மேல் கடைக்காரர்கள் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி, திருப்பித் தரும்போது உரித்திருக்கிறார்கள். டிவிடியில் தகவல் இரண்டு பிளாஸ்டிக் தகட்டுக்கு நடுவே இருக்கும். விசிடியில் அது மேல்பக்கப் பெயின்டுக்கு அடியிலேயே இருக்கிறது. ஸ்டிக்கரோடு வெள்ளிப் படலமும் வந்துவிட்டது. வெளிச்சத்தில் பிடித்தால் அஞ்சு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை. அந்த விசிடியின் ஃபைல் பென்டிரைவில் திறக்காத மூன்றில் ஒன்று. கடைக் கம்ப்யூட்டரில் இருந்த பிரதியை ஒரு வாரத்தில் அழித்துவிட்டார்களாம்.